சாயம் ஊறும் நேரத்தில் வேதியியல்

அந்தத் தெருவில் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தால் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கத்தரிக்கோலைக் கையில் வைத்திருப்பவளிடம் கொஞ்சம் பணிவாகப் பேசுவது நல்லது என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

மருந்துக்கடைக்கும் சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கும் நடுவில் மூன்று நாற்காலி போட்ட பார்லர் அவளுடையது. நல்ல கூட்டம். ஒருநாள், வங்கியில் காசாளராக இருக்கும் பெண் ஒருத்திக்குத் தலைச்சாயம் பூசினாள். பூசி முடித்துக் கையுறையைக் கழற்றுவதற்குள் அந்தப் பெண்ணின் காது இரண்டும் சிவந்து, வீங்கி, பார்க்கவே பயமாகிவிட்டது. தலையில் துண்டைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள் அக்கா.

"இந்தச் சாயத்துல என்னம்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"பழுப்பு சார். நாலாம் நம்பர்."

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். காது வீங்கியவளே சிரித்துவிட்டாள். அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருடமாகத் தெருவிலிருக்கும் தலைக்கெல்லாம் பூசிக்கொண்டிருக்கிறாள். தெரிந்தது பெட்டியின் மேல் போட்ட நம்பர் மட்டும். சரக்கு கொண்டுவரும் விற்பனைப் பிரதிநிதியைப் பிடித்துக் கேட்டாள்.

"எல்லாம் இயற்கைக்கா," என்றான் அவன்.

"இயற்கைன்னா எது?"

"இயற்கைன்னா... இயற்கைதான்க்கா."

அந்த மாதமே மாலைக் கல்லூரியில் அறிமுக வேதியியல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அவள் கணவர், கடைக்காரர்களின் தராசைச் சோதித்து முத்திரை போடும் அலுவலகத்தில் வேலை பார்த்தார். எந்தக் கடைக்குப் போனாலும் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். வீட்டில் எதற்காகவும் குனிந்த பழக்கம் இல்லை. மகள் பள்ளியில் கடைசி வகுப்பு. அம்மா கல்லூரிக்குப் போவதில் அவளுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். இனி 'படி படி' என்று வீட்டில் ஒருவர் சொன்னால் திருப்பிச் சொல்ல வாய்ப்பு வந்துவிட்டது.

வகுப்பு தொடங்குவதற்கு முன் கல்லூரி ஒரு கூட்டம் நடத்தியது. மாணவர்கள் குடும்பத்தோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நலவாழ்வு அலுவலர் என்று ஒருவர் மேடை ஏறினார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கலையாத புன்னகை. திரையில் ஒரு பெரிய சக்கரத்தைக் காட்டினார்.

"படிச்சுப் படிச்சு வீணாப் போனவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். வாழ்க்கைங்கறது சக்கரம். இதுக்கு எட்டு ஆரம். படிப்பு அதுல ஒண்ணே ஒண்ணு. உடற்பயிற்சி, தூக்கம், சிரிப்பு, குடும்ப நேரம், படைப்பாற்றல், இப்படி எட்டும் சமமா இருந்தாத்தான் வண்டி ஓடும்."

அக்கா கையைத் தூக்கினாள். "சார், இதுல சமையல் எங்க வருது?"

அலுவலர் திரும்பிச் சக்கரத்தை ஒருமுறை பார்த்தார். சமையல் இல்லை. "படைப்பாற்றல்ல சேத்துக்கலாம்மா."

"துணி துவைக்கறது?"

"உடற்பயிற்சி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருபது வருட உத்தியோகத்தில் தராசுக்கு வெளியே ஒரு மனிதர் சமநிலையைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. கூட்டம் முடிந்ததும் வரிசையில் நின்று அலுவலரின் கையைக் குலுக்கினார். அந்தச் சக்கரத்தைப் பெரிதாக நகல் எடுத்து வந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார்.

அன்றிலிருந்து வீட்டில் சமநிலை ஆட்சி. அக்கா காலையில் எழுந்து சமைத்து, வீடு பெருக்கி, பார்லர் திறந்து, நாள் முழுக்க நின்று, வகுப்புக்குப் போய், திரும்பி வந்து மறுபடி சமைத்தாள். அதாவது படைப்பாற்றலும் உடற்பயிற்சியும் எக்கச்சக்கமாக ஆயிற்று. சாப்பிட உட்காரும்போது கணவர் கணக்கெடுப்பார்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேங்க."

"இன்னிக்குச் சிரிச்சியா?"

"நேரம் இல்லைங்க."

"அங்கதான் நீ தப்புப் பண்ற."

தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தால், "குடும்ப நேரம்" என்று தொலைக்காட்சி முன்னால் இடம் தட்டிக் காட்டுவார். குடும்ப நேரம் என்பது அவர் மேட்ச் பார்ப்பதை அக்கா பார்ப்பது.

"படிக்கணுங்க. பரீட்சை வருது."

"படிப்பு ஒரு ஆரம்தான். ஒரே ஒரு ஆரம் மட்டும் நீளமா வளந்தா சக்கரம் குதிக்கும், தெரியுமா?"

மேட்ச் முடிந்ததும் தூக்கம் என்ற ஆரத்துக்காக விளக்கை அணைத்துவிடுவார். அவர் உண்மையிலேயே அவளுடைய நல்லதுக்காகத்தான் இவ்வளவும் செய்தார். அதுதான் பெரிய தொல்லை. கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கிடைத்த துண்டு துக்கடா நேரத்தில் அவள் படித்த விதமும் விசித்திரம். மகள் தன் பெட்டியிலிருந்து வண்ணப் பேனாக்களைக் கொடுத்திருந்தாள். மஞ்சள், முக்கியமானதற்கு. பச்சை, ரொம்ப முக்கியமானதற்கு. இளஞ்சிவப்பு, பரீட்சையில் கட்டாயம் வரும் என்று தோன்றுவதற்கு. முதல் பாடம் முடிந்தபோது பக்கத்தில் வண்ணம் படாமல் மிஞ்சிய சொற்கள் 'ஆகவே', 'மேலும்' இரண்டும்தான். அக்காவுக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கவே திருப்தியாக இருந்தது. திரும்பத் திரும்ப வாசித்தாள். வாசிக்க வாசிக்க எல்லாம் பழகிய முகமாகத் தெரிந்தது. தினமும் பேருந்தில் பார்த்துத் தலையாட்டுகிறவர் மாதிரி; ஊர் பேர் கேட்டால் தெரியாது.

முதல் தேர்வில் அதுதான் நடந்தது. 'மோல் என்றால் என்ன?' என்று கேட்டிருந்தார்கள். அது இடது பக்கத்தில் இருந்தது என்று அக்காவுக்கு நன்றாக நினைவு வந்தது. பச்சை என்பதும் நினைவு வந்தது. மேற்கொண்டு எதுவும் வரவில்லை.

தோற்றுப் போனாள். பேராசிரியர் விடைத்தாளின் மேல் 'பாடத்தை மீண்டும் படிக்கவும்' என்று எழுதியிருந்தார். அவர் எல்லோருடைய தாளிலும் அதையே எழுதுவார். தேறியவர்களின் தாளிலும் எழுதியிருந்தார்.

தோற்றவர்களை நலவாழ்வு அலுவலர் கூப்பிட்டு அனுப்பினார். அக்காவிடம் தூக்கம், தண்ணீர், நடை எல்லாம் விசாரித்தார். என்ன படித்தாய், எப்படிப் படித்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. கடைசியில், "சமநிலை போதலைம்மா," என்று சொல்லி, 'தேர்வுப் பதற்றத்தை வெல்வோம்' என்ற பயிலரங்குக்குப் பெயர் எழுதிக்கொண்டார். அது சனிக்கிழமை மத்தியானம். பார்லரில் கூட்டம் அலைமோதும் நேரம்.

அக்கா கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். கண்ணை மூடித் தங்களை ஒரு மலையாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த மாணவன் மலையாகவே ஆகிவிட்டான், குறட்டை கேட்டது. அக்காவுக்குக் கண்ணை மூடியதும் தெரிந்தது பூட்டிய கடை வாசலும் அங்கே நின்று திட்டிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்களும்தான். போகும்போது இல்லாத பதற்றம் திரும்பி வரும்போது இருந்தது.

அடுத்த வாரம் வக்கீலம்மா வந்தார். குடும்ப நீதிமன்றத்தில் பேர் போனவர். அவர் குறுக்கு விசாரணையில் நின்ற கணவன்மார்கள் வழக்கே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்ச் சமாதானமாகியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். நரை தெரியாமல் சாயம் பூசிக்கொள்ள வருவார். சாயம் ஊறும் வரை அசையக் கூடாது, சாயக் கூடாது, கண்ணாடி போடக் கூடாது. சும்மா இருந்து பழக்கமில்லாத மனுஷிக்கு அது பெரிய தண்டனை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிரில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா அது? புத்தகமா, வானவில்லா?"

"வேதியியல் மேடம். காலேஜ்ல சேந்திருக்கேன். முதல் பரீட்சையே போயிடுச்சு."

"ஏன் போச்சு?"

"படிச்சேன் மேடம். பாத்தா எல்லாம் தெரியுது. எழுத உக்காந்தா வர மாட்டேங்குது."

"தெரிஞ்சது வராம எங்க போகும்? சரி, நான் சும்மாத்தானே இருக்கேன். கேக்கறேன், சொல்லு. அமிலம்னா என்ன?"

அக்காவுக்கு உற்சாகம். "பி.எச். ஏழுக்குக் கீழ இருக்கறது."

"ஆளு யாருன்னு கேட்டா வீட்டு நம்பரைச் சொல்ற. அமிலம் யாரு?"

அக்காவின் கை தானாகப் புத்தகத்தை நோக்கிப் போனது.

"எடுக்காதே! சாட்சி பேப்பரைப் பாத்துச் சொல்லக் கூடாது. மூடு."

மூடினாள். யோசித்தாள். அடுத்த நாற்காலியில் புருவம் திருத்திக்கொள்ளக் காத்திருந்த பெண்ணும் சேர்ந்து யோசித்தாள்.

"ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கறது மேடம்."

"யாருக்குக் கொடுக்குது?"

"தண்ணிக்கு... தண்ணியில போட்டா தண்ணிக்குக் கொடுக்கும்."

"எல்லா அமிலமும் அள்ளி அள்ளிக் கொடுக்குமா, இல்ல கஞ்சத்தனமும் உண்டா?"

"வீரியமானது எல்லாத்தையும் குடுத்துடும். வீரியம் குறைஞ்சது கொஞ்சமாத்தான் குடுக்கும்."

"ஏன்?"

அக்கா விழித்தாள்.

"சாட்சி மௌனம்," என்று கண்ணாடிக்குச் சொன்னார் வக்கீலம்மா. "உனக்குப் பாடம் தெரியலைம்மா. தெரிஞ்ச மாதிரி இருந்திருக்கு. என்கிட்ட வர்ற கட்சிக்காரங்க பாதிப் பேர் இப்படித்தான். கூட வாழ்ந்த ஆளைப் பத்தியே கேட்டா சொல்லத் தெரியாது."

தலையை அலசி, உலர்த்தி, வக்கீலம்மாவை அனுப்பிவைத்த கையோடு அக்கா புத்தகத்தைத் திறந்தாள். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் புத்தகத்தைத் திறந்தது அதுதான் முதல் தடவை. பதில் அங்கேயே இருந்தது. அமிலம் தன் ஹைட்ரஜனை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று எழுதியிருந்தது. பச்சை வண்ணமும் பூசியிருந்தது. அவளே பூசியது.

அதற்குப் பிறகு அந்தப் பார்லரில் சாயம் பூசிக்கொண்ட யாருக்கும் விமோசனம் இல்லை. தலையில் சாயம், கழுத்தில் துணி. எழுந்து ஓட முடியாது. அக்கா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அன்றைய பாடத்தைத் தன் வார்த்தையில் சொல்வாள். தடுக்கிய இடத்தைப் பிறகு போய்ப் பார்ப்பாள். இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை இன்னொரு தலைக்குச் சொல்வாள். பழைய பாடத்தையும் நடுவில் இழுத்துவிட்டு, மறந்துவிட்டதா என்று தன்னையே சோதித்துக்கொள்வாள். கேட்பவர்களுக்கு வேதியியல் தெரியாதது பெரிய உதவி. தெரியாதவர்கள்தான் 'ஏன்' என்று கேட்பார்கள்.

சாயக் குழம்பும் அதில் கலக்கும் பெராக்சைடும் சேரும்போது, எது முதலில் தீர்கிறதோ அதோடு வினை நின்றுவிடும் என்று ஒரு தையற்காரிக்கு விளக்கினாள். "துணி தீந்துட்டா நூல் கண்டு கண்டா மிச்சம் இருந்து என்ன பிரயோஜனம்?" என்றாள் தையற்காரி. "அதேதான்!" என்று அக்கா குதித்ததில் தையற்காரியின் நெற்றியில் ஒரு கோடு சாயம் விழுந்தது. அலங்காரம் செய்துகொள்ள வந்த ஒரு கல்யாணப் பெண்ணிடம் மோல் கணக்கை ஆரம்பித்தாள்.

"அக்கா, எனக்கு நாளைக்குக் கல்யாணம்."

"அதுக்குள்ள முடிச்சிடலாம் வா."

சிலர் ஓடிப்போனார்கள். பின்தெருவில் இன்னொரு பார்லர் இருந்தது; அங்கே பாட்டு மட்டும்தான் போடுவார்கள். சிலர் இதற்காகவே வந்தார்கள். காது வீங்கிய காசாளரும் வந்தாள், வெறும் முடி வெட்டிக்கொள்ள.

"அக்கா, அன்னிக்கு என் காதை அப்படிப் பண்ணது என்னன்னு தெரிஞ்சுதா?"

"பாரா ஃபினைலீன் டையமீன்," என்றாள் அக்கா, மூச்சு விடாமல். "கரும்பழுப்பு நிறத்துக்குப் போடறது. சில பேர் உடம்புக்கு ஆகாது. இப்பல்லாம் காதுக்குப் பின்னால ஒரு சொட்டு வச்சு, ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் பூசறேன்."

அந்த விற்பனைப் பிரதிநிதி கடைப்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான். வந்தால் அக்கா பெட்டியின் பின்பக்கத்தை அவனையே வாசிக்கச் சொன்னாள்.

படிப்பு வழிக்கு வந்துவிட்டது. உடம்பு வரவில்லை. ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்து அடுப்பில் அரிசி வைத்தவள், சமையல் மேடையில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். தீய்ந்த நாற்றத்தில்தான் வீடு கூடியது. கணவர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா? சமநிலை போச்சு."

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல ஒரு தராசை எப்படிச் சோதிப்பீங்க?"

வேலையைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவருக்குச் சட்டென்று உற்சாகம் வந்துவிட்டது. "முதல்ல ரெண்டு தட்டும் காலியா இருக்கணும். முள் நடுவுல நிக்கணும். அப்புறம் ரெண்டுலயும் ஒரே எடையை வச்சுப் பாக்கணும்."

"ஒரு தட்டுல மட்டும் எடையை வச்சுக்கிட்டே போயிட்டு, தராசைப் பாத்து, நல்லா மூச்சு விடு, தண்ணி குடி, சிரின்னு சொல்வீங்களா?"

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். கணவர் அவளை முறைத்தார். பிறகு அக்காவிடம், "அது தராசு. நீ மனுஷி," என்றார்.

"அதனாலதான் இவ்வளவு நாள் உடையாம நின்னுட்டு இருக்கேன்."

அவர் எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். கதவைத் திறக்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேர்மையான மனிதர், முள் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு முத்திரை போட அவர் கை வராது. மறுநாளிலிருந்து வகுப்பு உள்ள நாட்களில் ராத்திரிச் சமையல் தன்னுடையது என்று அறிவித்தார்.

சமையலும் அவர் வேலையைப் போலவே இருந்தது. உப்பை நிறுத்துப் போட்டார். வெங்காயத்தை நிறுத்து, உரித்து, மறுபடி நிறுத்தார். முதல் வாரம் சாப்பாடு சரியான எடையில் இருந்தது; ருசி என்று எதுவும் இல்லை. பாத்திரம் தேய்ப்பது மகள் தலையில் விழுந்தது. அம்மாவின் படிப்பில் அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சம் வடிந்தது.

இரண்டாம் வாரம் அவரே நலவாழ்வு அலுவலருக்கு போன் போட்டார். "சார், சமையல் படைப்பாற்றல்லதானே வருது?"

"வீட்டுல யார் சார் சமைக்கறாங்க?"

"நான்தான்."

"நீங்களா? ஆபீஸ் முடிச்சு வந்து சமையலுமா? சார், அது வேலைப் பளு. உடம்பைப் பாத்துக்குங்க. ஓய்வு எடுங்க."

கணவர் போனை வைத்தார். பிறகு போய்ச் சக்கரத்தைக் கதவிலிருந்து கிழித்தார். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் பாதிதான் வந்தது.

மிச்சமான நேரத்தை எல்லாம் அக்கா படிப்பில் கொட்டவில்லை. தினமும் கொஞ்சம் படித்தாள். கண் சொருகினால் தூங்கினாள். பார்லர் வாசற்படியில் டீயை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களைச் சும்மா பார்த்தாள். அது எந்த ஆரத்தில் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. நன்றாக இருந்தது.

இறுதித் தேர்வில் ஹைட்ரஜன் பெராக்சைடு சிதையும் சமன்பாட்டைச் சமன் செய்து விளக்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா எண்களைச் சரியாகப் போட்டாள். பேனாவை மூடப் போனவளின் காதுக்குள் வக்கீலம்மா, "ஏன்?" என்றார். அணு ஒன்றும் புதிதாக முளைக்கவும் முடியாது, காணாமல் போகவும் முடியாது என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினாள். பெராக்சைடு புட்டியின் மூடியைத் திறந்தால் ஏன் புஸ் என்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டாள். கேட்காத கேள்வி, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நன்றாகவே தேறினாள். முதலிடம் எல்லாம் இல்லை. பேராசிரியர் வழக்கம்போல 'பாடத்தை மீண்டும் படிக்கவும்' என்று எழுதியிருந்தார். வக்கீலம்மா செய்தி கேட்டு, "அப்பீலுக்கு இடமில்லை," என்று சொல்லிவிட்டு, அடுத்த பருவத்தில் என்ன பாடம் என்று விசாரித்தார்.

தோற்றவள் தேறிவிட்டாள் என்றதும் நலவாழ்வு அலுவலருக்குத் தலைகால் புரியவில்லை. பயிலரங்கின் பலன் என்று ஆண்டறிக்கையில் எழுதினார். 'சமநிலைக் குடும்பம்' என்று ஒரு விருதை உண்டாக்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேடைக்கு வரச் சொன்னார்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள் அக்கா. "நான் தூங்கப் போறேன்."

கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். பளபளக்கும் கேடயத்தை வாங்கிக்கொண்டு ஒலிவாங்கி முன்னால் நின்றார். குடும்பத்தின் ஒத்துழைப்பு, திட்டமிடல் என்று நன்றாகவே பேசினார். முன்வரிசையில் அலுவலர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"ஒரு சந்தேகம் சார். உங்க வீட்டுல ராத்திரிச் சமையல் யாரு?"

அவர் ஒரு கணம் அலுவலரைப் பார்த்தார். பிறகு, "நான்தாங்க," என்றார். "துணியும் இப்போ நான்தான். படிக்கறவங்களுக்கு வேற எதுவும் பெருசாச் செய்ய வேண்டியதில்லைங்க. அவங்க வேலையில பாதியை எடுத்துக்கிட்டாப் போதும். மிச்சத்தை அவங்களே பாத்துக்கறாங்க."

பின்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். கணவன்மார்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போனில் ஏதோ முக்கியமான செய்தி வந்திருந்தது. அலுவலர் வேகமாக மேடையேறி அடுத்த படத்தைத் திரையில் காட்டினார்.

வீட்டுக்கு வந்தால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் மணியை அழுத்தப் போனார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா தூங்கறாங்கப்பா."

"பசிக்குதே."

"இப்ப உள்ள போனா யாரு சமைக்கணும்?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். கேடயத்தைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றார். "அவ நல்லாத் தூங்கட்டும்."